குண்டின் எடையும் குழலின் எழுச்சியும்

தற்காப்புக்காக .38 ரிவால்வர் வைத்திருக்கும் அமெரிக்க வாசகர் ஒருவர், 110 கிரெயின் எடையுள்ள இலேசான குண்டைவிட மெதுவாகச் செல்லும் 158 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 10 கிராம் ஈயம், ஏழெட்டு மீட்டர் தொலைவிலுள்ள பயிற்சித் தாளில் கீழே தைக்காமல் மேலே தைப்பது ஏன் என்று வினவியிருக்கிறார்.

கனமான குண்டு எதிரியைத் தூக்கியெறியும் என்ற விளம்பரப் பிரதாபத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். விநாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் பாயும் அக்குண்டின் உந்தம் முழுவதும் 70 கிலோ மனிதருக்குத் தரக்கூடிய வேகம் விநாடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே. சுடுபவரின் கையும் அதற்குக் குறையாத உந்தத்தைத்தான் தாங்குகிறது.

எந்தக் குண்டு தக்கது என்ற விவாதத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சிக்காகோவில் மாடுகளைச் சுட்டுச் சோதித்து, .45க்குக் குறையாத காலிபரே தக்கது எனச் சிபாரிசு செய்தனர்; சோதனைக்குள்ளான பிராணிகள் சிலவே என்பதால் விவாதம் ஓயவில்லை.

வாசகர் கண்ட விந்தையோ இதனினும் சுவையானது. அசையா நீரில் மிதக்கும் தோணியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருவர் நடந்தால் தோணி எதிர்த்திசையில் நகரும். அவர் ஓடினாலும் ஊர்ந்தாலும் அது நகரும் தூரம் மாறாது, அவருடைய எடை கூடினால்தான் கூடும். ரிவால்வரே தோணி, குண்டே பிரயாணி. குழலோ துப்பாக்கியின் புவியீர்ப்பு மையத்திற்கு மேலே அமைந்திருப்பதால், இந்தத் தோணி வெறுமனே பின்வாங்காமல் மூக்கை உயர்த்திச் சுழலவும் செய்கிறது. பிரயாணி மூக்கின் நுனியிலிருந்து குதிப்பதற்குள் அது திரும்பிவிடுகிற கோணம், வெடிமருந்து வாயுவின் சிறு பங்கை நீக்கிப் பார்த்தால், அவருடைய வேகத்தையன்றி எடையையே பொறுத்தது. ஆயிரத்திலொரு விநாடிக்கும் குறைந்த அந்தக் கணத்தில் பருத்த பிரயாணி தோணியை அதிகம் திருப்பிவிடுவதால், அவர் கரையில் இறங்கும் இடமும் அதற்கேற்ப மேலே போய்விடுகிறது! அத்தனை குறைந்த தூரத்தில் புவியீர்ப்பு அவரைக் கீழே இழுப்பது சுமார் அரை சென்டிமீட்டரே.

நிலையான குறிமுனை கொண்ட .38 ரிவால்வர்களை ஒரே எடைக்கு, பெரும்பாலும் 158 கிரெயின் குண்டுக்கு, இசையவே அமைப்பது இதனால்தான். ஆகவே உடல் தசைக்கு ஈடாகக் கொள்ளும் ஜெலட்டின் கட்டியில் 12 அங்குலமேனும் ஊடுருவவேண்டும் என்று எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோலை நிறைவேற்றும் தோட்டாக்களுள், குறிபார்த்த இடத்திலேயே தைப்பதைத் தேர்வதே விவேகம். குறி தவறிய குண்டு எத்தனை கனமாயிருந்தும் சுடுபவரைக் காக்காது, குற்றமற்ற வேறொருவரைக் கொல்லவும் கூடும்.