கில் -9 கொடுத்தும் சாகாத ப்ராசஸ்

லினக்ஸ் சர்வரில் ஒரு ப்ராசஸ் அடம்பிடித்தால் ‘கில் -9’ கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடையாறு வாசகர் ஒருவரின் கேள்வி அதற்கு அடுத்த கட்டம். எத்தனை முறை கொடுத்தாலும் அது பட்டியலை விட்டுப் போவதில்லை. நிலையைக் காட்டும் இடத்தில் ‘டி’ என்ற எழுத்து நிற்கிறது. சிபியு சும்மா கிடக்க, லோடு மட்டும் ஏறுகிறது. இது வைரஸ் வேலையா என்று கேட்கிறார். இல்லை. அந்த ப்ராசஸ் டிஸ்க்கிடமோ நெட்வொர்க் சேமிப்பகத்திடமோ ஒன்றைக் கேட்டுவிட்டு, கெர்னலுக்குள் பதிலுக்காகத் தூங்குகிறது. இப்படித் தூங்குபவற்றையும் லினக்ஸ் 1993 முதல் லோடு கணக்கில் சேர்க்கிறது. அதனால்தான் வேலையே நடக்காத சர்வரிலும் எண் எகிறுகிறது.

கெர்னல் ஏன் அதைக் கொல்வதில்லை? மயிலாப்பூர் மாட வீதி முனையில் கபாலீசுவரர் தேர் திரும்பும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுப்பவரை யார் கூப்பிட்டாலும் அவர் நகர மாட்டார். இழுத்தால் தேர் கூட்டத்தின் மேல் போகும். இங்கும் அப்படித்தான். ப்ராசஸ் கையில் ஒரு பூட்டு இருக்கிறது, கோப்பு முறையின் விவரங்கள் பாதி மாறியிருக்கின்றன. நடுவில் அழித்தால் பூட்டைத் திறக்க ஆளிருக்காது, தரவும் கெடும். அப்படியானால் 2008-இல் வந்த 2.6.25 கெர்னல், கொல்லக்கூடிய தூக்கம் என்ற புதிய நிலையை எப்படிக் கொண்டுவந்தது என்று கேட்கலாம். நடுவழியில் விட்டுவிட்டுப் பத்திரமாக வெளியேறும் பாதையை எழுத முடிந்த இடங்களில் மட்டுமே அது செல்லும். மற்ற இடங்களில் பழைய விதிதான்.

ஆகவே ‘டி’ நிலையைக் கோளாறாகப் பார்க்காமல் சாட்சியாகப் பார்க்க வேண்டும். கெர்னலே, வழக்கமான அமைப்பில், 120 நொடிக்கு மேல் அசையாத ப்ராசஸின் பெயரைத் தன் லாகில் எழுதுகிறது. ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் ஸ்டாக் கோப்பை ரூட்டாகத் திறந்தால், எந்த ஃபங்ஷனில் தூங்குகிறது என்பது மேல் வரியிலேயே தெரியும். என்எஃப்எஸ் பெயர்கள் வந்தால் நெட்வொர்க் சேமிப்பகத்தைப் பாருங்கள், இஎக்ஸ்டி4 வந்தால் டிஸ்க்கை. இவ்வளவு இருந்தும் பலரின் கை முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்குத்தான். தரமணி டைடல் பூங்காவில் இயங்கும் சி-டாக் சென்னை மையம் 2007-இல் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்ட ஊர் இது. தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளிலும் அது போனது. திறந்து படிக்கக்கூடிய கெர்னல் மாணவர் மடிக்கே வந்தது, படிக்கும் பழக்கம் வரவில்லை. இது வருத்தத்துக்குரியது.

கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டாக் எடுக்க ஒரு நிமிடம் போதும். டிஸ்க்கே முடங்கியிருந்தால் லாக் அதில் பதியாது, நினைவகத்தில்தான் இருக்கும், ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். திரையை செல்போனில் படம் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தவிர, சாதாரண ரீஸ்டார்ட்டும் கோப்பு முறையைக் கழற்ற முடியாமல் அதே இடத்தில் மாட்டிக்கொள்வதுண்டு. அறுந்த நெட்வொர்க் இணைப்பைச் சரிசெய்தாலோ, காத்திருந்தவை தாமாக எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பு கில் -9 வாங்கியவை அப்போது முடிந்துபோகும்.