வீட்டில் புகை இறைச்சி: எந்த அடுப்பு நமக்குச் சரி?

நெகிரி செம்பிலான் பக்கம் காரில் போனால் சில இடங்களில் மூக்கே வழி சொல்லிவிடும். சாலையோரக் கொட்டகையில் கம்பி வலைமேல் வாத்தும் கெலி மீனும் வரிசையாகக் கிடக்கும். கீழே தேங்காய் மட்டையும் விறகும் கனன்று புகையும். மலாய்க்காரர்கள் இதை ‘சாலாய்’ என்பார்கள். வாங்கி வந்து, சிலி அப்பி அரைத்து, தேங்காய்ப்பாலில் குழம்பு வைத்தால் எவ்வளவு சோறு உள்ளே போகிறது என்றே தெரியாது.

இந்த வாசனையை நம் வீட்டிலேயே கொண்டுவர முடியுமா? வானொலியில் ஒரு காலை நேரத்தில் என் டிரம் ஸ்மோக்கரைப் பற்றிப் பேசியதிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. அடுத்த கேள்வி உடனே வரும்: “எவ்வளவு வெள்ளி ஆகும்?”

பணத்துக்கு முன்னால் ஒரு பழைய கதை. தோட்டத்தில் பிறந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ‘ஸ்மோக் ஹவுஸ்’ தெரியாதவர் இருக்க மாட்டார். பாலை உறைய வைத்து, மிஷினில் கொடுத்து வரி விழுந்த ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாலைந்து நாள் காயவைப்பார்கள். வெப்பம் 40 முதல் 60 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். நெருப்பு ஓங்கினால் ஷீட்டில் கொப்புளம் வரும். அடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். தெர்மாமீட்டரை நம்பியதைவிட மூக்கையும் கையையும் நம்பி அந்த நெருப்பைக் காத்தவர்கள் நம் ஆட்கள்தான். இறைச்சிக்கும் வேலை அதுவே, வெப்பம் மட்டும் கூடுதல்: 110 முதல் 130 டிகிரி. அந்த நிலையில் நெருப்பை மணிக்கணக்கில் நிறுத்தத் தெரிந்தால் எந்தப் பெட்டியும் ஸ்மோக்கர்தான். தெரியாவிட்டால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதும் ஒரு கரிப்பெட்டிதான்.

கடையில் பார்த்தால் தலை சுற்றும். மின்சார ஸ்மோக்கர் சுலபம். பொத்தானை அழுத்திவிட்டுத் துணி துவைக்கப் போகலாம். ஆனால் புகை மணம் மெலிசாகத்தான் இருக்கும். மரத்தூள் உருண்டையில் ஓடும் பெல்லட் ரகம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த உருண்டைகள் ஊறி மாவாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்புப் பெட்டி ஒட்டிய நீளமான ரகத்தைப் பார்த்தவுடன் ஆசை வரும். விலை மலிவான மாடல்களில் தகடு மெல்லிசு, மூடி சரியாக உட்காராது, வெப்பம் எல்லா இடுக்கிலும் ஒழுகும். அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதல்முறை வாங்குபவருக்கு என் தேர்வு மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு, அதாவது கெட்டில் கிரில். சிகாகோவில் கடல் மிதவைகள் செய்த இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மிதவைக் கோளத்தை வெட்டி உருவாக்கிய வடிவம் இது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கரியை ஓரமாக வளையம் போல அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், ஊதுவத்தி போல மெல்ல நகர்ந்து எரியும். ஒரே அடுப்பில் வாட்டவும் செய்யலாம், புகையும் போடலாம். தரை வீட்டில் நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது போதும்.

தீபாவளிக்கு இருபது பேர் வருவார்கள், அல்லது கையால் செய்துபார்க்கும் ஆசை என்றால் டிரம். என்னுடையது அதுதான். 200 லிட்டர் டிரம்முக்குள் 57 சென்டிமீட்டர் கெட்டில் தட்டு கச்சிதமாக உட்காரும்.

ஆனால் எந்த டிரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் தாமானில் இரும்புக் கதவுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் டிரம் ஒன்றை வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“உள்ள என்ன இருந்துச்சின்னு தெரியாம நான் கட்டர் வைக்க மாட்டேன். கழுவிட்டேன்னு சொல்லுவாங்க. ஆவி உள்ளயே நிக்கும். ஒரு தீப்பொறி போதும்.”

அவர் சொன்னது பட்டறைக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஆபத்து. எண்ணெய், தின்னர், பெயின்ட் இருந்த காலி டிரம் வெட்டும்போது வெடித்து உயிர் போயிருக்கிறது. வெடிக்காவிட்டாலும், பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த இரும்பில் சமைத்து அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோமா? அதனால் உள்பூச்சு இல்லாத புது டிரம் வாங்குங்கள். உணவுப்பொருள் வந்த டிரம்மாக இருந்தாலும் உள்ளே எப்பாக்சி பூச்சு இருக்கலாம்; அதை முழுக்க எரித்துச் சுரண்டி எடுத்த பிறகுதான் சமையல். துத்தநாகம் பூசிய தகரம் எதுவும் வேண்டாம்: குப்பைத்தொட்டி, கம்பி வலை, போல்ட் எதுவானாலும். சூடேறினால் துத்தநாகப் புகை வரும். பழைய பிரிட்ஜ் தட்டையும் மறந்துவிடுங்கள், அதன் முலாமில் காட்மியம் இருக்கக்கூடும். துருப்பிடிக்காத எஃகு சற்று விலை கூடுதல், அவ்வளவுதான்.

டிரம் கிடைத்துவிட்டால் மீதி அரைநாள் வேலை. அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், சுற்றிலும் சம இடைவெளியில் இரண்டு சென்டிமீட்டர் அகலத் துளைகள் நான்கு. ஒன்றில் திறந்து மூடும் வால்வு, மற்றவற்றுக்கு மூடி. கரிக்கூடை தரையில் படாமல் சற்று உயர்ந்து நிற்கட்டும், சாம்பல் விழ இடம் வேண்டும். கரிக்கும் தட்டுக்கும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தூரம். டிரம்மின் மூடியில் ஐந்து சென்டிமீட்டர் புகைபோக்கித் துளை ஒன்று. உள்ளே பெயின்ட் கிடையாது. வெளியே மட்டும், வெப்பம் தாங்கும் பெயின்ட். இறைச்சி வைக்கும் முன் ஒருமுறை வெறும் கரியை நன்றாக எரித்து, பிறகு உள்பக்கம் சமையல் எண்ணெய் தடவி இரண்டு மூன்று மணி நேரம் புகை போட்டால், தோசைக்கல் பழகுவது போல இரும்பு பழகிவிடும்.

கரிக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பேராக்கின் கோலா செப்பெத்தாங்கில் செங்கல் சூளைகளில் சுடும் பாக்காவ் மரக்கரி நின்று எரியும். கூடை நிறையக் கரியைப் போட்டு, அதன்மேல் பற்றவைத்த பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் வையுங்கள். மேலிருந்து கீழாக மெல்லப் பிடிக்கும். வெப்பம் 100 டிகிரியை எட்டும்போதே காற்றுத் துளைகளைக் குறைக்கத் தொடங்க வேண்டும். ஏற்றுவது சுலபம், ஏறியதை இறக்குவது பெரும்பாடு. அடிக்கடி திறந்து பார்ப்பவர் வீட்டில் சாப்பாடு ராத்திரிதான்; திறக்கும் ஒவ்வொரு முறையும் கரிக்குக் காற்று கிடைத்துக் கொழுந்துவிடும்.

மணத்துக்கு, காய்ந்த மரத்துண்டு கைப்பிடி அளவில் மூன்று நான்கு போதும். நான் ரம்புத்தான் கிளையைப் பயன்படுத்துகிறேன். மா, கொய்யா, ரப்பர் விறகும் ஆகும். மரச்சாமான் ஆலையில் மிஞ்சிய ரப்பர் பலகை மட்டும் வேண்டாம், அதில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். ‘எம்பி’ என்று முத்திரை குத்திய சரக்குப் பலகையும் அப்படியே, அது மெத்தில் புரோமைட் வாயு அடித்தது. வெள்ளையாகத் திரண்டு வரும் புகை நல்ல புகை இல்லை. அது மரம் சரியாக எரியாததன் அடையாளம், இறைச்சி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வரும்போதுதான் இறைச்சியை உள்ளே வைக்க வேண்டும்.

முதல் சமையலுக்குக் கோழி. முதுகெலும்பை வெட்டி விரித்து, கிலோவுக்கு 15 கிராம் கணக்கில் உப்பு தடவி முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மிளகும் பூண்டும் போதும். கறித்தூளை அப்பினால் புகையும் மசாலாவும் சண்டை போடும். கோழிக்கு மட்டும் வெப்பத்தை 140 வரை விடலாம், இல்லையென்றால் தோல் ரப்பராக இழுக்கும். ஒன்றரை மணி நேரத்தில் ஆகிவிடும். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி காட்டினால்தான் வெந்தது. புகை போட்ட கோழி உள்ளே வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. ஆஸ்திரேலிய ஆட்டுத் தோள்பட்டைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். 93 டிகிரியில் எலும்பு தானாகக் கழன்று வரும். நடுவில் 65, 70 டிகிரிக்குள் வெப்பம் அசையாமல் நின்றுவிடும். அடுப்பு கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். இறைச்சியின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் மந்தம் அது, கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும்.

குளிர்ப்புகை பற்றியும் கேட்கிறார்கள், சால்மன் மீனுக்குச் செய்வார்களே, அது. அதற்கு 30 டிகிரிக்குக் குறைவான வெப்பம் வேண்டும். நம் ஊரில் மதிய நிழலே அதைத் தாண்டிவிடும். பச்சை இறைச்சி 5 முதல் 60 டிகிரிக்குள் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிக்கு அது விருந்து. நம் வீட்டுப் பின்புறத்தில் அந்த முயற்சியே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது; புகை போட்டதும் அந்த வகையில்தான் வருகிறது. கரியில் கொழுப்பு சொட்டி எரியும் புகையில் தீங்கு அதிகம் என்பதால், நான் இறைச்சிக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறைக்கு மேல் டிரம் வெளியே வராது.

வரும் நாளிலும் பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலில் சொல்லிவிடுவேன், துணி காயப் போட்டிருப்பார். புகைமூட்டக் காலத்தில் பற்றவைப்பதில்லை. மழை வந்தாலும் அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய போர்ச்சுக்குள்ளோ இழுக்கக் கூடாது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கொண்டோவில் இருப்பவர்கள் பால்கனியில் கரி மூட்ட நினைக்காதீர்கள். உங்களுக்குக் குவாலியே போதும். அடியில் அலுமினியத் தாள் விரித்து, தேயிலை, அரிசி, சீனி ஆளுக்கொரு கைப்பிடி போட்டு, மேலே கம்பித் தட்டில் ஏற்கெனவே வேகவைத்த கோழியை வைத்து இறுக்கி மூடுங்கள். சீனர்கள் வாத்துக்குச் செய்யும் முறையின் சுருக்கம் இது. ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் புகைத்தால் நிறமும் மணமும் ஏறிவிடும்.

எப்படிச் செய்தாலும் எலும்பை எறியாதீர்கள். மறுநாள் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைக்கும்போது அதில் இரண்டு எலும்பைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.