ஓட்டல் அரசுடையது, நட்டம் யாருடையது?

டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் அசோக் ஓட்டலில் 550 அறைகள். சொந்தக்காரர், மத்திய அரசின் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். கழகத்தின் பங்குகளில் 87 சதவீதம் அரசிடம் இருக்கிறது. ஏறத்தாழ 8 சதவீதம் தாஜ் ஓட்டல்களை நடத்தும் டாடா குழும நிறுவனத்திடம் இருப்பது ஒரு வேடிக்கை. போட்டிக் கடையிலும் அவர்களுக்குப் பங்கு!

ஓர் அரசாங்கம் எதற்காக ஓட்டல் நடத்த வேண்டும்? அசோக் பிறந்த கதையே இதற்குப் பதில். 1956 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாட்டை டெல்லியில் நடத்த நேரு அழைப்பு விடுத்திருந்தார். கூட்டம் நடத்த விஞ்ஞான் பவன் எழுந்தது. ஆனால், வருகிறவர்களைத் தங்கவைக்க அன்றைய டெல்லியில் இடம் போதவில்லை. காஷ்மீர் அரச குடும்பத்துக் கரண் சிங் 25 ஏக்கர் நிலம் தந்தார். மாநாட்டுக்குச் சற்று முன்னதாக ஓட்டல் திறக்கப்பட்டது. மாநாடு ஒரு மாதத்தில் முடிந்தது. ஓட்டல் இன்னும் இருக்கிறது.

மாநாட்டு வியாபாரத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. பெரிய மாநாடு நடத்துகிறவர்கள், கூடம் எவ்வளவு பெரியது என்பதோடு, பக்கத்திலேயே எத்தனை அறை கிடைக்கும் என்றும் கேட்பார்கள். அறை இல்லாவிட்டால் கூடத்துக்குப் பூட்டுதான். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நிரம்பி வழியும் ஓட்டலில் பணம் போடத் தனியார் தயங்குவார்கள். அப்போது, ‘நாமே கட்டிவிடலாம்’ என்று அரசோ மாநகராட்சியோ இறங்குகிறது.

அமெரிக்க நகரங்கள் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கின்றன. மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டு, மாநாட்டு மையத்தை ஒட்டி ஓட்டல் கட்டும். பெயர்ப் பலகையும் நிர்வாகமும் ஹில்டன், ஆம்னி போன்ற நிறுவனங்களுடையவை. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அறை வாடகையிலிருந்து கடன் அடைய வேண்டும் என்பது கணக்கு. டல்லஸ் நகரம் 2011-ல் 1,001 அறைகளோடு இப்படி ஓர் ஓட்டலைத் திறந்தது. மாநகராட்சி ஓட்டல் வைத்திருக்கவே கூடாது என்ற யோசனை 2009 மே மாதம் அங்கே வாக்கெடுப்புக்கு வந்து, குறைந்த வித்தியாசத்தில் தோற்றிருந்தது. பால்டிமோர் கதை வேறு. 30 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி 757 அறைகள் கட்டினார்கள். திறந்தது 2008 ஆகஸ்டில். அடுத்த மாதம் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது. ஓட்டல் பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. அறை காலியாகக் கிடந்தாலும் கடன் கொடுத்தவருக்கு வட்டி போயாக வேண்டும், நடத்துகிறவருக்குக் கட்டணம் போயாக வேண்டும். கடைசியில் கையைக் கடிப்பது சொந்தக்காரரை, அதாவது ஊராரை.

நமக்குக் கிட்டத்தில் இதைவிடக் கசப்பான பாடம் கொழும்பில் நிற்கிறது. நகர மையத்து ஹில்டன் ஓட்டலே அரசின் கையில் இருப்பதுதான். அது போதாதென்று, கொள்ளுப்பிட்டியில் கிராண்ட் ஹயாத் என்ற பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு இன்னொன்றைத் தொடங்கினார்கள். அரசுக் காப்புறுதி நிறுவனமும் அரசின் சமையல் எரிவாயு நிறுவனமும் பணம் போட்டன. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மட்டும் 500 கோடி இலங்கை ரூபாய் போனது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த காசு அது. கோபுரம் உயர்ந்தது, உள்வேலை பாதியில் நின்றது. வாங்க ஆள் தேடும் படலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தத் தொழிலாளியைக் கேட்டு யாரும் முதலீடு செய்யவில்லை.

இந்தியா எதிர்த் திசையில் போயிற்று. 2001, 2002-ஆம் ஆண்டுகளில் சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல்கள் பல கைமாறின. மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியும் மதுரை அசோக்கும் அவற்றில் சேரும். விற்றால் தொல்லை விட்டது என்றும் சொல்ல முடியாது. உதய்பூரின் லட்சுமி விலாஸ் அரண்மனை ஓட்டல் ஏழரைக் கோடி ரூபாய்க்குப் போனது. விலை அடிமாட்டு விலை என்று கிளம்பிய புகாரில், 2020-ல் ஜோத்பூர் சிறப்பு நீதிமன்றம் குற்ற வழக்குப் பதியச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. டெல்லி அசோக் ஓட்டலோ, 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில் இடம்பெற்றது. அதன் சுவர்களைவிட, அவை நிற்கும் 25 ஏக்கர்தான் பெரிய சொத்து என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு பிடித்தது நடுவழி: கூடம் அரசுடையது, அறை தனியாருடையது. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் 2001 முதல் மத்திய, மாநில அரசு நிறுவனங்களின் கூட்டுச் சொத்து. 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாடு அங்கே நடந்தபோது, விருந்தினரைத் தங்கவைக்கச் சென்னையில் தனியார் ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்தது காயலோர முட்டுக்காடு. கலைஞர் பெயரில் அங்கே ஒரு பன்னாட்டு அரங்கம். 5,000 பேர் அமரும் மாநாட்டுக் கூடமும் திட்டத்தில் உண்டு. மாநாட்டுக் கட்டடங்கள் நகர மையத்தை விட்டுக் காயலோரம் நகர்கின்றன என்பது இதில் கவனிக்க வேண்டியது.

சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இன்னொரு பெரிய காயல் இருக்கிறது: பழவேற்காடு. பூநாரை பார்க்கவும், டச்சுக் கல்லறைகளைப் பார்க்கவும், நண்டும் இறாலும் வாங்கவும் வருகிறவர்களில் பெரும்பாலோர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ‘இங்கே அரசு ஒரு நல்ல ஓட்டல் கட்டினால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். சட்டமே பாதி வழியில் மறிக்கும். தமிழகப் பகுதி ஏரி 1980-லேயே பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. சரணாலயம் என்றாலே கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கடுமையான வகைப்பாடு.

அதோடு, அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்க ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் அதற்குப் பெயர் ‘பாடு’. நல்ல மீன்பாடுள்ள இடங்களில் இன்று யார் வலை விடுவது, நாளை யார் என்று முறை வைத்தும் குலுக்கிப் போட்டும் முடிவு செய்வார்கள். உரிமை பிறப்போடு வருவது. அதனால் ஏரியை நம்பியிருக்கும் மற்றச் சமூகத்தார் வெளியே நிற்கிறார்கள், பெண்களும் கணக்கில் வருவதில்லை. அந்தக் குறை பெரிய குறைதான். ஆனாலும், லாபமோ நட்டமோ அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியவர் தலையிலேயே விழுகிறது. பால்டிமோரிலும் கொழும்பிலும் அறுந்துபோனது இந்தத் தொடர்புதான்.

பழவேற்காட்டில் அரசு சொந்தமாக வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை போடுவது எளிது. இதே தமிழ்நாடு அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் படகுக் குழாம் நடத்துகிறது. அங்கே உயிர்காப்பு அங்கி உண்டு, படகுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. பழவேற்காட்டுக்கும் அப்படி ஒரு படகுத்துறை வரலாம்; படகை ஓட்டுவதும் வருமானத்தில் பங்கு பெறுவதும் குப்பத்துக்காரர்களாக இருக்கலாம். பறவைகள் கூடும் இடங்களை வனத்துறை ஒதுக்கித் தர வேண்டியிருக்கும். செலவு, கொழும்பில் நிற்கும் கோபுரத்தின் ஒரு மாடிக்குக்கூட ஆகாது.