மது அருந்தி ஓட்டிய வண்டியும் இன்ஷூரன்ஸ் நஷ்ட ஈடும்

நமது செங்கற்பட்டு ஜில்லாவில் மோட்டார் வண்டி என்பது இன்று செல்வர் வீட்டு அலங்காரப் பொருளன்று. நெசவாளர் சேலைக் கட்டுகளைக் காஞ்சிபுரத்திற்கு எடுத்துச் செல்வதற்கும், மதுராந்தகம் பக்கத்து விவசாயி தர்ப்பூசணியைக் கோயம்பேடு சந்தைக்கு அனுப்புவதற்கும் வண்டி வேண்டியிருக்கிறது. ஊரார் ‘குட்டியானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி இல்லாத கிராமம் அரிது. கார் வைத்திருக்கும் உறுப்பினரும் பலர். இவ்வண்டிகளில் பெரும்பாலானவை கடன் பெற்று வாங்கப்பட்டவை. வண்டி நொறுங்கிப்போனாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகையால், விபத்துக்குப்பின் இன்ஷூரன்ஸ் பணம் வருமா வராதா என்பது அந்தக் குடும்பத்தின் நிலத்தையும் தறியையும் பற்றிய கேள்வியாகவே முடிகிறது.

சங்கங்களுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் உறுப்பினர்கள் தயக்கத்துடன் தாழ்ந்த குரலில் கேட்கும் வினா ஒன்றுண்டு. “ஓட்டியவர் குடித்திருந்தார் என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்களாம், இனி ஒரு காசும் கிடைக்காதாமே, மெய்தானா?” என்பதே அது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் ஒரே பாலிஸிக் காகிதத்திற்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு ஒப்பந்தங்கள் அடங்கியுள்ளன. நமது வண்டிக்கு நேரும் சேதத்தைக் கம்பெனி ஈடு செய்வது ஒன்று. நமது வண்டியால் பிறருக்கு நேரும் மரணத்திற்கும் காயத்திற்கும் கம்பெனி பொறுப்பேற்பது மற்றொன்று. பின்னதை மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இந்த இரண்டாவதை மட்டுமே. மது என்னும் சொல் இவ்விரண்டு ஒப்பந்தங்களிலும் இரு வேறு விளைவுகளைத் தருகிறது.

முதலில் சொந்தச் சேதத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் வழங்கும் பொது மோட்டார் பாலிஸியில், கம்பெனி பொறுப்பேற்காத சேதங்களின் வரிசையில் ஒரு விலக்கு காணப்படும். வண்டியின் சொந்தக்காரரோ, அவருக்குத் தெரிந்து அவருடைய சம்மதத்துடன் வண்டியை ஓட்டும் வேறொருவரோ, மதுவின் அல்லது போதைப் பொருளின் ஆதிக்கத்தில் இருக்கும்போது நேர்ந்த சேதத்திற்குப் பணம் இல்லை என்பது அதன் கருத்து. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம், லைசென்ஸும் இருக்கிறது என்று வாதாடுவதால் இவ்விலக்கு நீங்காது.

இங்கே “அருந்தியிருத்தல்” வேறு, “ஆதிக்கத்தில் இருத்தல்” வேறு என்பதை உறுப்பினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை உச்சநீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த வழக்கு ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி விடியுமுன், டில்லியில் இந்தியா கேட் அருகே ஒரு கம்பெனிக்குச் சொந்தமான விலையுயர்ந்த போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றி அழிந்தது. ஓட்டியவரிடம் மதுவாடை வீசியது என்று மருத்துவக் குறிப்பில் பதிவாயிற்று. ஆனால் மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்யப்படவில்லை. இஃப்கோ டோக்கியோ இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. கார்ச் சொந்தக்காரரான பேர்ல் பெவரேஜஸ் நிறுவனம் நுகர்வோர் மன்றங்களை நாடியது. மாநிலக் கமிஷன் கோரிக்கையைத் தள்ளியது. தேசியக் கமிஷனோ, சோதனை அளவு இல்லாமல் குடிபோதை நிரூபணமாகவில்லை என்று கூறி, சொந்தக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2021 ஏப்ரல் மாதம் உச்சநீதிமன்றம் தேசியக் கமிஷனின் தீர்ப்பை நீக்கி, கம்பெனி பணம் மறுத்தது சரியே என்று முடிவு செய்தது.

இத்தீர்ப்பின் சாரம் நம்மவர்க்கு இரு வழியிலும் பயன்படுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருப்பது குற்றம். அது கிரிமினல் வழக்குக்குரிய அளவுகோல். பாலிஸியின் விலக்கோ அளவைக் கூறாமல் ஆதிக்கத்தையே கூறுகிறது. எனவே சோதனை நடக்கவில்லை என்பதைமட்டும் காட்டி உறுப்பினர் தப்பிவிட முடியாது. வேறு சான்றுகளைக்கொண்டும் கம்பெனி தன் கட்சியை நிலைநாட்டலாம். விடியுமுன் நேரம், கார் கட்டுக்கடங்காமல் நடைபாதையில் ஏறிய விதம், மதுவாடையைக் கூறும் மருத்துவக் குறிப்பு, ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியது ஆகிய அனைத்தையும் நீதிபதிகள் சேர்த்து நோக்கினர். மறுபுறம், நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தோள்மீதே உள்ளது என்பதும், மது அருந்தினார் என்பதோடு நில்லாமல் அதனால் ஓட்டும் திறன் கெட்டிருந்தது என்பதையும் காட்ட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பிலிருந்தே விளங்கும். வெறும் மதுவாடையைக் கொண்டு போதை என்று முடிவு கட்டலாகாது என்று 1971-இலேயே பச்சுபாய் கர்யானி என்பாரது வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆதலால், பின்னால் வந்த லாரி மோதி, சாலையோரம் நின்றிருந்த நமது வண்டி நசுங்கியிருந்தால், உள்ளேயிருந்தவர் மாலையில் சிறிது குடித்திருந்தார் என்ற ஒரே காரணத்தால் கம்பெனி கடிதம் எழுதிக் கைகழுவுவதை ஏற்றுக்கொண்டு வாளாவிருக்க வேண்டியதில்லை.

“தெரிந்து, சம்மதத்துடன்” என்ற சொற்களும் பொருளற்றவை அல்ல. வண்டியைத் திருடிச் சென்றவன் குடித்திருந்தான் என்பதற்காகச் சொந்தக்காரரின் கோரிக்கை கெடுவதில்லை. ஆனால் கூலிக்கு அமர்த்திய டிரைவர் குடித்தது எனக்குத் தெரியாது என்ற சமாதானம் செல்லுபடியாவது கடினம். பாலிஸி கேட்பது வண்டி ஓட்டுவதற்கான சம்மதத்தையே. குடிப்பதற்குச் சம்மதம் கொடுத்தாரா என்பதையன்று. சொந்தக்காரர் தாமே ஓட்டி இறந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கவேண்டிய 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பும் இதே போன்ற விலக்குக்கு உட்பட்டது. இதைப் பலர் அறியார்.

இனி மூன்றாம் நபர் விஷயம். இதனை விளக்க நமது கரையோரத்தை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமில்லை. 2024 நவம்பர் 27-ஆம் தேதி, மாமல்லபுரத்திற்கு அருகே பண்டிதமேட்டில், மாடு மேய்த்துக்கொண்டிருந்து சாலையோரம் அமர்ந்திருந்த ஐந்து பெண்கள்மீது வேகமாக வந்த கார் ஏறி, ஐவரும் அவ்விடத்திலேயே மாண்டனர். காரில் வந்தவர்கள் போதையில் இருந்தனர் என்று ஊரார் கொதித்தெழுந்தனர். அதன் உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை; நாம் அதில் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் இத்தகைய குடும்பங்களின் நிலையில் நின்று பார்க்கும்போது எழும் ஐயம் நியாயமானது. ஓட்டியவன் குடித்திருந்தான் என்று நாமே சொன்னால், அதைக் காரணமாகக் காட்டிக் கம்பெனி நமக்கும் பணம் தர மறுத்துவிடாதா?

நெடுங்காலமாக நீதிமன்றங்கள் இதற்குக் கண்டுள்ள வழி, “முதலில் கொடு, பின்னர் வசூலித்துக்கொள்” என்பதாகும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில், லைசென்ஸ் குறைபாடுகளைப் பற்றி உச்சநீதிமன்றம் இவ்வழியை விரிவாக வகுத்தது. பாலிஸி நிபந்தனையைச் சொந்தக்காரர் மீறியது அவருக்கும் கம்பெனிக்கும் இடையேயுள்ள சங்கதி. மாண்டவர் வீட்டார் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரல்லர். ஆகவே கம்பெனி அவர்களுக்குப் பணத்தைச் செலுத்திவிட்டுச் சொந்தக்காரரிடம் திரும்பப் பெறவேண்டும். மதுபோதை வழக்கிலும் இதுவே முறை என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலும் இவ்வழியில் தீர்ப்புகள் வந்துள்ளன. எனினும் ஓர் எச்சரிக்கை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், மது அருந்தி ஓட்டியதைக் கம்பெனி ஓர் எதிர்வாதமாக எழுப்பலாம் என்பது 150-ஆவது பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இப்பகுதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குப் பிற்பட்ட விபத்துகளில் கம்பெனி வக்கீல்கள் இதனை அழுத்தமாக வாதிடுவர். ஆகையால் மனுவில் கம்பெனியை மட்டும் எதிர்க்கட்சியாக்கி நில்லாமல், வண்டியின் சொந்தக்காரரையும் ஓட்டியவரையும் தவறாமல் சேர்க்க வேண்டும்.

சொந்தக்காரர் பக்கத்திலிருந்து இதே ஏற்பாட்டைப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். கம்பெனி பணம் கொடுத்துவிட்டது, தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டுக்கு, ஆண்டுகள் சில கழித்து வசூல் நோட்டீஸ் வரும். தனியே வழக்குப் போடாமலே, அதே நஷ்ட ஈட்டு டிரிப்யூனலில் நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம் என்று 2004-இல் நஞ்சப்பன் என்பாரது வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. டிரிப்யூனல் தீர்ப்பின்படி செலுத்தவேண்டிய தொகையை, கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போல் வசூலிக்கச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு இடமளிக்கிறது. நிலவரிப் பாக்கி என்றால் என்ன நேரும் என்பதை விவசாய உறுப்பினர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. உழைக்கும் வயதினர் ஒருவரின் மரணத்திற்கு வழங்கப்படும் தொகை பல லட்சம் ஆவது சாதாரணம். 185-ஆவது பிரிவின் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரையிலான சிறையுமே குடித்து ஓட்டுவதன் முழு விலை என்று எண்ணுவோர், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் செய்யவேண்டுவன சில. மனுவை விபத்து நடந்த இடத்திற்குரிய டிரிப்யூனலிலோ, தாம் வசிக்கும் இடத்திற்குரியதிலோ, எதிர்க்கட்சியார் வசிக்கும் இடத்திற்குரியதிலோ கொடுக்கலாம். சென்னைக் காரால் அடிபட்ட கல்பாக்கத்து மீனவர் சென்னைக்கு அலைய வேண்டாம். செங்கற்பட்டிலேயே மனுக் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்ற வரம்பு வந்துள்ளது. இவ்வரம்பை எதிர்த்த வழக்கில், தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாமென்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டதுண்டு. அதை நம்பிக் காலம் தாழ்த்துவதை நாம் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். அரசாங்கம் கருணையோடு அளிக்கும் நிவாரணத் தொகை வேறு, சட்டப்படியான நஷ்ட ஈடு வேறு. முன்னதைப் பெற்றதால் பின்னதன் உரிமை அழிவதில்லை. போலீஸார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திற்குள் டிரிப்யூனலுக்கும் கம்பெனிக்கும் அனுப்பவேண்டும் என்பது இன்றைய விதி. அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம். சிகிச்சைச் செலவுக்கு அஞ்சி அடிபட்டவரை வீட்டில் கிடத்துவதும் வேண்டாம். நமது மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இலவச ஏற்பாடு உண்டு.

ஒரு தீய யோசனையைப் பற்றியும் கூறியாக வேண்டும். விபத்து நடந்தவுடன், குடிக்காத தம்பியோ மைத்துனனோ ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கூறும் புத்திசாலிகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் யாருக்கு எந்த இடத்தில் காயம் என்று எழுதப்பட்டிருக்கும். ஸ்டியரிங் சக்கரம் மார்பில் இடித்த காயம் பக்கத்தில் அமர்ந்திருந்தவனுக்கு ஏற்படாது. கிழக்குக் கடற்கரைச் சாலைச் சுங்கச்சாவடியில் காமிரா இருக்கிறது. கம்பெனியின் சர்வேயரும் விசாரணை அதிகாரியும் இவற்றையெல்லாம் ஒத்துப் பார்ப்பர். பொய் வெளிப்பட்டால், வாதாடி வென்றிருக்கக்கூடிய கோரிக்கையும் அத்துடன் வீழும். தம்பியின் தலையில் கிரிமினல் வழக்கும் ஏறும்.

அதற்கு மாறாக, தாம் குடிக்கவில்லை என்றிருப்பவரோ, மிகக் குறைவாகவே குடித்தவரோ சோதனையைத் தவிர்ப்பது பேதைமை. கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று சட்டத்தின் 202-ஆவது பிரிவு கூறுகிறது. நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் மதுச்சத்து குறைந்துகொண்டே போகுமாதலால், காலத்தில் எடுத்த சோதனைக்கே மதிப்பு அதிகம். 30 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவைக் காட்டும் சீட்டு உறுப்பினரின் கையிலுள்ள நல்ல சான்று. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ பதிவேட்டில் “மதுவாடை” என்று மட்டும் எழுதியிருந்தால், நடை, பேச்சு, நினைவு ஆகியவைபற்றி மருத்துவர் என்ன குறித்துள்ளார் என்பதைப் பிரதி வாங்கிப் பார்க்க வேண்டும். மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தால் தொல்லை விட்டது என்று எண்ணி, வக்கீலைக் கேளாமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த உத்தரவின் நகலைக் கம்பெனி பின்னர் எடுத்துக் காட்டும் என்பதற்கு மேற்கூறிய டில்லி வழக்கே சாட்சி.

கம்பெனிக்கு உடனடியாக எழுத்து மூலம் தகவல் கொடுப்பதும், சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைப் பழுது பார்க்காமல் வைத்திருப்பதும் எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவானவை. வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்த சங்கத்திற்கும் வங்கிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். பாலிஸியில் அவர்கள் பெயர் பதிவாகியிருக்குமாதலால் நஷ்ட ஈட்டில் முதல் உரிமை அவர்களுக்கே. கம்பெனி மறுத்துவிடுமானால் தவணையை மாற்றியமைக்கக் கோரும் மனுவும் அவர்களிடமே போக வேண்டும். மறுப்பு எழுத்தில், இன்ன நிபந்தனையின்கீழ் என்ற காரணத்துடன் வரவேண்டும், வாய்ச்சொல் போதாது. அக்கடிதத்திற்கு எதிராக முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, பயனில்லையேல் ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் செங்கற்பட்டிலுள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷனை நாடலாம். ஒரே கோரிக்கையை இரண்டிடத்திலும் ஒரே சமயத்தில் நடத்த இயலாது. எனவே எவ்வழி என்பதைப் பாலிஸி, விபத்துப் பதிவேட்டுப் பிரதி, சோதனைச் சீட்டு, மறுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் எதிரில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.