காவலும் மழலையும்: சிறுவர் வாழும் இல்லத்தில் நாய் வளர்த்தல்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்து வரும் நிலையம் வேப்பம்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே இதன் சுற்றுப்புறமும் மனைப்பிரிவுகளாக மாறிவருகிறது. அம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோரும், நகரின் வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாதோரும் இத்தகைய ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டுகின்றனர். புதிய மனைப்பிரிவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே புதர் மண்டிய வெற்று மனைகள். தெருவிளக்கு பின்னர்தான் வரும். குடும்பத் தலைவர் இரவுப் பணிக்குச் சென்றுவிட்டால் தாயும் சிறு குழந்தைகளும் மட்டுமே வீட்டிலிருப்பர். வாசலில் ஒரு நாய் இருந்தால் நல்லது என்னும் எண்ணம் இச்சூழலில் எழுவது இயல்பே. முஸ்லிம் குடும்பம் இதனை எவ்வாறு நோக்க வேண்டும்?

இரு எளிய விடைகள் எப்போதும் தயாராக உள்ளன. நாய் அசுத்தமானது, ஆகவே அதற்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்பது ஒன்று. காலம் மாறிவிட்டது, பிற உயிரை ஒதுக்கி வைப்பது தகாது என்பது மற்றொன்று. முன்னது மூலநூல்களை முழுமையாக நோக்கவில்லை. பின்னது வீட்டில் தவழும் குழந்தையை நோக்கவில்லை.

மூலநூல்கள் கூறுவது

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. பதினெட்டாம் அத்தியாயம், குகைவாசிகளின் வரலாற்றில் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த அவர்களது நாயையும் சேர்த்தே பேசுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் முகந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனவே நாயை வெறுப்பதும் துன்புறுத்துவதும் மார்க்கப் பற்றின் அடையாளம் ஆகாது.

அதே நேரத்தில், வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றின் பொருட்டன்றி நாய் வைத்திருப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்றும், வேறு அறிவிப்பில் இரு கீராத் குறையும் என்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழிகள் உள்ளன. ஷாஃபிஈ அறிஞர்கள் இதிலிருந்து தேவையின்றி நாய் வளர்ப்பது விலக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தனர். மாலிக்கி அறிஞரான இப்னு அப்தில் பர்ரு (ஹிஜ்ரி 463-இல் மறைந்தவர்), நற்கூலி குறையும் என்ற சொல்லாட்சி வெறுக்கத்தக்கது என்பதையே உணர்த்துகிறது எனக் கருதினார். சட்டத்தின் தரம் பற்றி வேறுபட்டாலும், தேவையின்றி வளர்ப்பது ஊக்குவிக்கப்படவில்லை என்பதில் இரு கருத்துகளும் ஒன்றுபடுகின்றன.

வீட்டுக் காவல் தேவையாகுமா?

நபிமொழியில் பெயர் சொல்லப்பட்ட தேவைகள் மூன்று. வீட்டுக் காவல் அவற்றுள் இல்லை. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ஹிஜ்ரி 620) தமது அல்முக்னியில், வீட்டைக் காக்க நாய் வைப்பது கூடாது என்பதையே வலுவான கருத்தாகக் கூறி, கூடும் என்பதற்கும் இடமுண்டு எனக் குறிப்பிட்டார். இமாம் நவவி (ஹிஜ்ரி 676) ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், நபிமொழியின் காரணம் தேவையே என்பதால் அம்மூன்றுடன் ஒப்பிட்டு வீடுகளையும் பாதைகளையும் காப்பதற்கும் வைக்கலாம் என்பதே சரியான கருத்து என்றார். கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மரபினருக்கு இது நேரடியாகப் பயன்படும் தீர்வாகும்.

ஆயின் தேவையால் கிடைத்த அனுமதி தேவையின் எல்லையோடு நிற்கும். வாசலைக் காக்க வந்த நாய் படுக்கையறையில் உறங்க வேண்டியதில்லை. நாயுள்ள வீட்டில் மலக்குகள் நுழையார் என்ற நபிமொழி அனுமதிக்கப்பட்ட நாயையும் உள்ளடக்குமா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். அல்கத்தாபி அனுமதிக்கப்பட்ட நாய்க்கு விலக்களித்தார். நவவி அதனைப் பொதுவாகவே கொண்டார். எவ்வாறாயினும் நாய்க்குரிய இடம் முற்றமே.

தூய்மை பற்றியும் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் நாய் முழுமையாக நஜீஸ்; அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண்ணால், கழுவ வேண்டும். தமிழக ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ். உடல் அவ்வாறன்று என்பது ஏற்கப்பட்ட கருத்து. மாலிக்கியர் உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கருதுவர். ஏழு முறை கழுவுவதை வணக்கம் சார்ந்த கட்டளையாகக் கொள்வர். பெரியவர்களுக்கு இது ஒழுங்குபடுத்தக்கூடிய செய்தி. நாய் நக்கிய கையோடு தொழுகை விரிப்பில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் இரண்டு வயதுக் குழந்தையை எந்த ஒழுங்குக்குள் கொண்டுவர முடியும்?

குழந்தைக்கு நேரும் ஆபத்து

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி ரேபிஸ் நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர். அவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டோர். மனிதருக்கு இந்நோய் பரவுவதில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே நிகழ்கிறது. மொத்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நேர்கிறது. அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

குழந்தையின் உயரம் நாயின் வாய்க்கு நேராக அமைவதால் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. அங்கிருந்து மூளைக்குள்ள தொலைவு குறைவு. நோய் விரைந்து வெளிப்படும். மேலும், திட்டுவார்கள் என்று அஞ்சிச் சிறு கடியையும் கீறலையும் குழந்தைகள் மறைப்பதுண்டு. குட்டி நாயின் கடிதானே என்று பெரியவர்களே அலட்சியம் செய்வதும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷஹரில் கால்வாயில் தவித்த நாய்க்குட்டியைக் காப்பாற்றிய இளம் கபடி வீரர் ஒருவர், அது கடித்ததைப் பொருட்படுத்தாமல் விட்டதால் 2025-இல் ரேபிஸ் தாக்கி இறந்தார்.

வளர்ப்பு நாய் தடுப்பூசி போடப்பட்டதாயிற்றே எனலாம். தடுப்பூசி நோயைத் தடுக்கும், கடியைத் தடுக்காது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. அவை ஒருவர் வீட்டில் வளர்ந்த நாய்களே. சிறு குழந்தைகளை வீட்டில் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாயே என மேலைநாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரிக்கின்றனர். உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் தன்னை நெருங்குவதை நாய் விரும்புவதில்லை. அதன் உறுமலுக்கும் விறைத்த உடலுக்கும் பொருள் அறியாத குழந்தை வாலைப் பிடித்து இழுக்கிறது. இதில் குழந்தைக்கும் குற்றமில்லை, நாய்க்கும் குற்றமில்லை. இருவரையும் தனியே விட்டவருக்கே பொறுப்பு.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். 2015-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்று, முதல் வயதில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடம் பள்ளிப் பருவத்தில் ஆஸ்துமா வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. உயிர்களிடம் பரிவு கொள்ளவும் பிள்ளைகள் கற்கின்றனர். இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் ஸ்வீடன் நாய்வழி ரேபிஸ் இல்லாத நாடு. தெருநாய்கள் வளர்ப்பு நாயோடு வாசலிலேயே சண்டையிடும் நம் ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நாயின் உரிமை

விலங்கைத் தன் பொறுப்பில் கொண்டவர், அது நோயுற்று அல்லது முதிர்ந்து பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்று ஹிஜ்ரி 660-இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் விலங்குகளின் உரிமைகளை வகுத்துரைத்தார். பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேட விடவும் செய்யாத பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழியை நாமறிவோம். குறுகிய முற்றத்தில் பகலும் இரவும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாதா? அவ்வாறு கட்டிக்கிடக்கும் நாயே சினம் மிகுந்து கடிக்கத் துணிகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்கள் வெட்டவெளியில் ஓடுவதற்கென உருவானவை; அரை மனை இடத்தில் அவற்றை அடைப்பது கொடுமையே. தாய் கைக்குழந்தையோடும் தந்தை இரவுப் பணியோடும் போராடும் வீட்டில், நாயை நாள்தோறும் நடத்திச் செல்பவர் யார் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

முடிவு காண்பது எவ்வாறு?

தீங்கு இழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நாய் வளர்ப்பது தேவையைப் பொறுத்த அனுமதி. குழந்தையைக் காப்பதோ கடமை. இரண்டும் மோதினால் கடமையே முந்தும். ஆகவே பொழுதுபோக்குக்காகவோ மதிப்புக்காகவோ நாய் வளர்ப்பது சிறுவர் உள்ள இல்லத்துக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று. காவலுக்காக எனினும், கடைக்குட்டி ஏழு வயதை எட்டும்வரை தள்ளிப்போடுவதே நலம். பிள்ளைக்குத் தொழுகையை ஏவத் தொடங்கும் அவ்வயது, சொன்னதை விளங்கி நடக்கும் பருவத்துக்கு நல்ல அளவுகோல். இது ஃபத்வா அன்று, பெற்றோருக்கான ஆலோசனை. அதுவரை வாசல் விளக்கு, உறுதியான கதவு, இரவில் அழைத்தால் ஓடிவரும் அண்டை வீட்டார் ஆகியோரே முதற்காவல்.

மெய்யாகவே வேறு வழியில்லாத குடும்பம் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் தடுப்பூசியும் பின்னர் ஆண்டுதோறும் தொடர் ஊசியும் போட வேண்டும். குடற்புழு மருந்தும் தவறக்கூடாது. நாயின் மலம் கலந்த மண்ணை வாயில் வைக்கும் குழந்தைக்கு உருண்டைப் புழுவின் முட்டை சென்று கண்ணையும் பாதிக்கக்கூடும். நாய்க்கு நிழலும் நீரும் நடமாட இடமும் உள்ள தனி அடைப்பு வேண்டும். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் குழந்தை அதனருகே செல்லலாகாது.

கடி நேர்ந்தால் மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்கக்கூடாது. ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்குத் தடுப்பூசி இலவசம். தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், பின்னர் 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி போடப்படும். தோல் கிழிந்து குருதி வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பழைய ஊசி 2005-ஆம் ஆண்டுக்குள் கைவிடப்பட்டுவிட்டது. அதற்கு அஞ்சி எவரும் தயங்க வேண்டியதில்லை. எந்தப் பிராணி கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் எவரும் திட்டமாட்டார் என்பதை வீட்டில் நாய் இல்லாதோரும் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அவசியம்.

நாய் வளர்க்காத வீட்டின் மதிலோரத்திலும் கோடையில் ஒரு சட்டி நீர் வைக்கலாம். பரிவைப் பிள்ளைக்குக் கற்பிக்க அதுவே போதும். குழந்தையும் அமானிதம், வாயில்லாப் பிராணியும் அமானிதம். ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றைத் துன்பத்தில் ஆழ்த்தாதிருப்பதே இவ்விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு.