ஆளில்லா நிறுவுகையும் முற்சிந்தனையும்

வெல்லாவெளியைத் தலைமையிடமாகக் கொண்ட போரதீவுப்பற்றில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுவது யாவரும் அறிந்ததே. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், விதைக்கத்தக்க நெல்லின் வயது, கால்நடைகளை வயற்புறத்தினின்று அகற்றவேண்டிய நாள் ஆகியன அங்கேயே முடிவுசெய்யப்படும். குளத்தின் துருசு திறக்கப்பட்ட பின்னர் நீர் எவரையும் வினவி நிற்பதில்லை. வெட்டிய வாய்க்கால் வழியே பாய்ந்து செல்லும். கணினித் துறையில் ஆளில்லா நிறுவுகை எனப்படும் முறையும் இத்தன்மையதே. மனிதன் அருகில் இல்லாமலே வேலை நடைபெறும். ஆயின் அவன் முன்னரே சிந்தித்து வைத்தவாறே நடைபெறும். சேவையகங்களில் மெய்நிகராக்க மென்பொருளை வலையமைப்பு வழியாக நிறுவும் முறையைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேவையகம் என்பது பிற கணினிகளின் வேண்டுகோள்களை ஏற்றுப் பணிபுரியும் கணினியாகும். மின்னஞ்சலுக்கு ஒன்று, நூலகப் பட்டியலுக்கு ஒன்று, பரீட்சைப் பெறுபேறுகளுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பொறிகளை வைத்தால், அவற்றுட் பல பெரும்பொழுது வாளாவிருக்கும். ஒரு பொறியின் ஆற்றலைப் பகுத்து, அதனுள்ளே பல பொறிகள் இருப்பனபோல இயங்கச் செய்வது மெய்நிகராக்க மென்பொருள். இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதனைச் செய்துகாட்டி, 1972இல் வீ.எம்./370 என்னும் பெயரில் வெளியிட்டது. ஒரு கணினி இவ்வாறு பகுக்கப்படுவதற்கு வேண்டிய நிபந்தனைகளைப் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் 1974இல் வகுத்துரைத்தனர். இன்று பரவலாக வழங்கும் எக்ஸ்86 வகைச் செயலிகள் தொடக்கத்தில் அந்நிபந்தனைகளை முற்றும் நிறைவுசெய்யவில்லை. 1998இல் தொடங்கப்பெற்ற வீ.எம்.வெயர் நிறுவனம் அத்தடையை மென்பொருள் உத்தியால் வென்று, 2001இல் சேவையகங்களுக்குரிய ஈ.எஸ்.எக்ஸ். மென்பொருளை வெளியிட்டது. அதன் வழிவந்ததே ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. ஆகும். 2007இல் லினக்ஸ் கருவினுள் சேர்க்கப்பட்ட கே.வி.எம். என்பதும் இத்துறையிற் சிறப்புடையது.

இம்மென்பொருளை ஒரு பொறியில் நிறுவுவது கடினமன்று. இறுவட்டையோ விரற்சேமிப்பியையோ செருகினால், அது சில வினாக்களை எழுப்பும். உரிம நிபந்தனைகளை ஏற்கின்றீரா? எந்த வன்தட்டில் எழுதுவது? விசைப்பலகை எம்மொழியது? நிருவாகியின் கடவுச்சொல் யாது? இவற்றிற்கு விடையளித்தால் வேலை முடிந்துவிடும். ஆயின் பொறிகள் இருபது ஆயின், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் எனக் கொண்டாலும், ஒருவர் பத்து மணி நேரம் அவற்றின் முன் நிற்றல் வேண்டும். நேர இழப்பினும் பெருங்கேடு வேறொன்று உண்டு. களைப்புற்றவர் ஏழாம் பொறியில் ஒரு விடையையும், பதினைந்தாம் பொறியில் பிறிதொரு விடையையும் தந்துவிடுவர். ஒத்திருக்க வேண்டிய பொறிகள் ஒவ்வாதனவாகி, பின்னர்த் தோன்றும் பழுதுகளின் காரணம் காணவியலாமற் போகும்.

இக்குறையை நீக்கும் வலையமைப்பு நிறுவுகை எவ்வாறு நிகழ்கின்றது என்பதனைப் படிமுறையாக நோக்குதல் தகும். வெறுமையான வன்தட்டையுடைய பொறிக்கும் அதன் வலையமைப்பு அட்டையிற் சிறிதளவு அறிவு பொதிந்துள்ளது. இன்ரெல் நிறுவனம் 1990களின் இறுதியில் வகுத்த பி.எக்ஸ்.ஈ. என்னும் விதிமுறையே அது. மின்னூட்டியவுடன் அப்பொறி, "எனக்கு ஒரு முகவரி தருவார் உளரோ?" என வலையமைப்பு முழுதும் கேட்கக் குரல் கொடுக்கும். டி.எச்.சி.பி. சேவையகம் அதற்கு விடையளித்து, முகவரியோடு, தொடக்கக் கோப்பின் பெயரையும், அஃது இருக்கும் இடத்தையும் அறிவிக்கும். பொறி அக்கோப்பை ரி.எவ்.ரி.பி. என்னும் எளிய முறையாற் பெற்றுக்கொள்ளும். இம்முறை இயல்பாக 512 பைற்று அளவான துண்டுகளாகவே கோப்பை அனுப்பும். ஒரு துண்டு கிடைத்ததென்ற செய்தி வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். ஆதலின் சிறு கோப்புகளுக்கே இது பொருந்தும், பெருங்கோப்புகளை எச்.ரி.ரி.பி. வழியாகப் பெறுதல் விரைவுடையது.

தொடக்கக் கோப்பு இயங்கியதும், ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. மென்பொருளின் கூறுகளையும், அவை இருக்கும் இடத்தையும் குறிக்கும் அமைப்புக் கோப்பொன்று படிக்கப்படும். அதன்கண் ஒரு வரி, விடைகள் எழுதப்பட்ட கோப்பு எங்கேயுள்ளது எனச் சுட்டும். கிக்ஸ்ரார்ட் எனப்படும் இவ்விடைக்கோப்பே முழுச் செயலுக்கும் உயிர்நாடியாகும். உரிமத்தை ஏற்றல், கடவுச்சொல், வன்தட்டு, வலையமைப்பு முகவரி, முடிந்தபின் மீளத் தொடங்குதல் என மனிதன் தரவேண்டிய விடைகள் யாவும் அதிற் சில வரிகளாக அடங்கிவிடும். முதன்முறை இயங்கும்போது செய்யவேண்டிய பணிகளையும் இறுதியிற் சேர்க்கலாம். பொதுவான விடைகள் எல்லாப் பொறிகளுக்கும் ஒன்றாகவே இருக்க, பெயரும் முகவரியும் மட்டும் வேறுபடல் வேண்டும். ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் உரிய தனி எண்ணைக்கொண்டு பொறியை இனங்கண்டு, அதற்குரிய கோப்பை வழங்குதல் இயலும்.

இனி, இம்முறையின் இடர்களை ஆராய்தல் இன்றியமையாதது. நேரே அமர்ந்து நிறுவுபவரிடம், "இத்தட்டிலுள்ளவை அழிந்துவிடும், சம்மதமா?" என மென்பொருள் வினவும். ஆளில்லா நிறுவுகையில் அவ்வினா எழுவதில்லை. முதலாவது தட்டில் நிறுவுக என்று மட்டும் விடைக்கோப்பில் எழுதினால், ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. முதலிற் பொறியின் உள்தட்டை நாடும்; தக்க உள்தட்டு இல்லையாயின் வலையமைப்பு வழியே இணைந்துள்ள பொதுச் சேமிப்பகத்தை நாடும். அச்சேமிப்பகத்திற் பிற பொறிகளின் தரவுகள் இருக்கக்கூடும். முன்னைய மெய்நிகர்ப் பொறிகளின் தரவுப்பகுதி தட்டில் இருப்பின், அதனை அழித்தெழுதுக என்னும் சொல் இல்லாதவிடத்து நிறுவுகை நின்றுவிடும். அச்சொல் இருந்தாலோ தயக்கமின்றி அழித்துவிடும். ஒரு சொல்லின் இருப்பும் இன்மையும் ஓராண்டு உழைப்பைக் காக்கவும் போக்கவும் வல்லன. ஆதலின் உள்தட்டு என வரையறுத்து எழுதுவதும், நிறுவுகை முடியும்வரை பொதுச் சேமிப்பகத்தின் இணைப்பைக் கழற்றிவைப்பதும் அறிவுடையோர் கடன்.

இரண்டாவது இடர், முடிவற்ற சுழற்சி. வலையமைப்பையே முதலில் நாடுமாறு பொறி அமைக்கப்பட்டிருப்பின், நிறுவி முடித்து மீளத் தொடங்குந்தோறும் மறுபடியும் நிறுவப்படும். வன்தட்டை முதலாவதாகவும் வலையமைப்பை அடுத்ததாகவும் வைத்தால், வெறுமையான தட்டுள்ள பொறி மட்டுமே வலையமைப்பை நாடும். மூன்றாவது இடர், நம்பிக்கை பற்றியது. குரல் கொடுக்கும் பொறி விடையளிப்பவர் யாவரென ஆராய்வதில்லை. அவ்வாறே, அழைக்கும் எப்பொறிக்கும் விடையளிக்குமாறு சேவையகத்தை அமைத்தால், மாணவர் பயிலும் கணினியொன்று தவறுதலாக அழைத்தாலும் அதன் தட்டு அழிந்துபோகும். ஆகவே நிறுவுகைக்கெனத் தனி வலையமைப்பு வேண்டும். அறிந்த எண்களையுடைய பொறிகளுக்கு மட்டுமே விடையளித்தல் வேண்டும். விடைக்கோப்பு மறைப்பின்றிச் செல்வதாதலின், கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதாது குறிமாற்றிய வடிவில் எழுதுவதோடு, பணி முடிந்ததும் அதனை மாற்றிவிடுதலும் தகும்.

இக்கலை ஒரு நிறுவனத்தின் பொருளோடு கட்டுண்டதன்று. வீ.எம்.வெயர் 2023 நவம்பரிற் புரோட்கொம் நிறுவனத்தின் கைக்கு மாறியபின் உரிம முறைகள் மாற்றமுற்றன. பலர் மாற்று வழிகளை நாடலாயினர். கே.வி.எம். அடிப்படையில் இயங்கும் திறந்த மூல மென்பொருளாகிய புரொக்ஸ்மொக்ஸ், 2024இல் வெளிவந்த தன் 8.2 பதிப்பில் விடைக்கோப்பு வழியான தானியங்கு நிறுவுகைக்கு இடமளித்தது. சொற்களும் வரியமைப்பும் வேறாயினும், வினாக்களை முன்னறிந்து விடைகளை எழுதிவைக்கும் நெறி ஒன்றே. அதனைக் கற்றவர் எம்மென்பொருளையும் எளிதிற் கையாள்வர்.

விடைக்கோப்பை எழுதியவர் அதனை முதலில் தரவேதும் இல்லாத ஒரு பொறியிலோ, மெய்நிகர்ப் பொறியொன்றிலோ சோதித்தறிதல் வேண்டும். பிறரொருவர் வரிவரியாக வாசித்து ஒப்புதல் தருவது இன்னும் நன்று. ஒரு பொறியிற் சரியானது இருபதிலும் சரியாக அமையும். ஒன்றிற் பிழைத்தது இருபதிலும் பிழைக்கும். பொறி மனிதனது கைவேலையைக் குறைக்கின்றதேயன்றி அவனது பொறுப்பைக் குறைப்பதில்லை. இருபது இடங்களிற் சிதறிக் கிடந்த பொறுப்பு ஒரு தாளில் வந்து திரள்கின்றது. அத்தாளை எழுதுவோர் அதற்கேற்ற நிதானத்தோடு எழுதுவாராக.