பள்ளி பூட்டப்பட்டது, வீடு பட்டறையானது

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நாம் யாரும் எதிர்க்கவில்லை. கொரோனா பரவாமலிருக்க அது தேவை என்றே நம்பினோம். ஆனால், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். பத்தொன்பது மாதங்களுக்கும் மேல்!

வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள். எந்த வீட்டிலிருந்து? ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரக் காலனிகளில் பல வீடுகள் ஒரே அறைதான். ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நம் பெண்கள் தைப்பதும் அங்கேதான். இருக்கும் ஒரு செல்போன் அப்பாவோடு டேனரிக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. சந்தேகம் கேட்டால் அது பதில் சொல்லுமா? புத்தகம் பிடித்த கை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தது.

2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரெஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 ஏழைப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புற தலித், பழங்குடிப் பிள்ளைகளில் இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமப் பிள்ளைகளில் 15 சதவீதம். நோய் சாதி பார்க்கவில்லை. பூட்டு பார்த்தது.

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் தந்தார்கள். பள்ளியில் போடும் சோறு பிள்ளையின் தட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்த அரிசி எல்லோருக்குமான உலையில் விழுந்தது. வேலையில்லாத வீட்டில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்றாம் வகுப்பில் வெளியே போன பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளைகளுக்கு 'இல்லம் தேடிக் கல்வி' கைகொடுத்தது. பள்ளிக்கே திரும்பாத பிள்ளைக்கு?

பள்ளிகளைக் கடைசியாக மூடி, முதலில் திறக்க வேண்டும் என்று யுனிசெஃப் அப்போதே சொன்னது. இன்னொரு தொற்று வந்தால் நாம் கேட்க வேண்டியதும் அதுதான். மூடியே ஆக வேண்டுமென்றால், காலனித் தெருவிலேயே சிறு குழுக்களாக வகுப்பும், சமைத்த உணவும் அந்த ஆணையோடு சேர்ந்தே வரவேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் அந்த ஆண்டுகளில் நின்றுபோனவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு அந்த வீட்டுக்குப் போங்கள்.